ராஜா ஆறு மாசம், அண்டா வருஷம் முழுக்க

இன்றைக்குத் தேதி 27. வரும் 30ஆம் தேதி ராத்திரிக்குள் எங்கள் குழுவின் மாதப் பத்திரிகையை முடித்து எல்லாருக்கும் அனுப்பியாக வேண்டும். 8 பக்கம். இதுவரை என் கைக்கு வந்து சேர்ந்த செய்தி ஒன்றே ஒன்று. "அக்டோபர் விருந்தில் இடது கை இரும்பு உறை ஒன்று காணாமல் போனது. எடுத்தவர் தயவுசெய்து தரவும்." அவ்வளவுதான். எழுதியவர் தன் பேரைக்கூடப் போடவில்லை. இந்த ஒற்றை இரும்புக் கையை வைத்துக்கொண்டு 8 பக்கத்தை நான் எப்படி நிரப்புவது?

கேட்டால் தேங்க்ஸ்கிவிங் வாரம் என்கிறார்கள். போன மாதம் ஹாலோவீன். அதற்கு முந்தின மாதம் பள்ளிக்கூடம் திறந்த அலுப்பு. ஆகஸ்டில் போர். போர்க்களத்தில் நிற்கிறவனிடம் போய் நாலு வரி எழுதிக் கொடு என்று கேட்க முடியுமா? இப்படிப் பன்னிரண்டு மாதத்துக்கும் ஆளாளுக்கு ஒரு சாக்கு கைவசம் இருக்கிறது. சாக்கே இல்லாத ஒருத்தி இந்த ஒஹாயோ சிற்றூரில் நான் மட்டும்தான்.

போர் என்றதும் பயப்பட வேண்டாம். எஸ்.சி.ஏ. என்று ஒரு அமைப்பு. விரித்துச் சொன்னால் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம். 1600ஆம் வருஷத்துக்கு முந்தைய உலகத்தை உடுத்தி, சமைத்து, தைத்து, பாடி, அடித்துக்கொண்டு பார்க்கிறவர்களின் கூட்டம். 1966 மே 1ஆம் தேதி கலிபோர்னியாவின் பெர்க்லியில், இடைக்கால ஐரோப்பாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த டயானா பாக்ஸன் என்ற மாணவியின் வீட்டுக் கொல்லையில் கத்திச் சண்டை விருந்தாக ஆரம்பித்தது. அடுத்த தடவை பூங்காவில் நடத்தலாம் என்று இடம் பதிவு செய்யப் போனால், அமைப்புக்குப் பேர் வேண்டுமென்று கேட்டார்கள். நாவலாசிரியை மேரியன் ஸிம்மர் பிராட்லி அந்த அவசரத்துக்கு வைத்த பேர்தான் இந்த வாயில் நுழையாத பேர். நன்றாகக் கவனியுங்கள்: பேர் பிறந்ததே மண்டபம் பிடிக்கிற வேலையில். இன்றும் மண்டபம் பிடிக்க ஆள் தேடித்தான் அலைகிறோம்.

இன்றைக்கு உலகம் முழுக்க 20 ராஜ்ஜியங்கள். பிரம்புக் கத்திச் சண்டையில் ஜெயித்தவர் ராஜா, அவர் யாருக்காகச் சண்டை போட்டாரோ அவர் ராணி. பெரும்பாலும் ஆறு மாசம் ஆட்சி. பிறகு அடுத்த சண்டை, அடுத்த ராஜா. ராஜ்ஜியத்துக்குக் கீழே பிரபுக்கள் நடத்தும் பேரனிகள், அதற்கும் கீழே எங்களைப் போன்ற குட்டிக் குழுக்கள், ஷயர்கள். ஷயருக்கென்று செனெஷல் ஒருவர், அவர்தான் தலைவர். கணக்குக்கு எக்ஸ்செக்கர். சண்டைக்கு மார்ஷல். பேர், கொடி, அறிவிப்புக்கு ஹெரால்ட். புதிதாக வருகிறவர்களைக் கைப்பிடித்து அழைத்து வர ஷாட்டலேன். பத்திரிகைக்குக் குரோனிக்ளர், அதாவது நான்.

"அதென்னடி, நம்ம ஊரு பாரதக் கூத்து மாதிரியா?" என்று திண்டிவனத்திலிருந்து அம்மா போனில் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்கப் போட்டிருப்பார்கள், வேஷம் கட்டின பீமன் வந்து தொடையில் அடிப்பான். சின்ன வயசில் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தூங்காமல் கிடந்தவள் நான்.

"அது மாதிரிதாம்மா. ஆனா வேடிக்கை பார்க்கிற ஜனம் கிடையாது. வர்றவங்க எல்லாருமே வேஷம்தான்."

"அப்ப சோறு யாருடி போடறது?"

"நான்தாம்மா."

அதற்கு மேல் அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நிமிஷம் தங்கச்சி வீட்டு விசேஷத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள்.

நான் ஆசைப்பட்டு இதில் வந்து விழவில்லை. பையனுக்கு 13 வயசாகும்போது ஊர் நூலகத்தில் இவர்கள் கவசம் போட்டுக் காட்டினார்கள். ஒரு இரும்புத் தொப்பியைக் கழற்றி இவன் தலையில் வைத்தார்கள். அன்றைக்கு வைத்த தொப்பியை இவன் மனசிலிருந்து கழற்றவே முடியவில்லை. சிறுவர் சண்டைக்கு மெத்தென்ற கத்தி, தனிப் பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் 18 வயசு ஆகாதவன் நிகழ்ச்சிக்கு வந்தால் பெரியவர் ஒருத்தர் கூட இருக்க வேண்டும். என் வீட்டுக்காரரோ சனிக்கிழமை என்றால் சோபாவை விட்டு எழுந்திருக்கிற ஜாதி இல்லை. ஆக, கூட இருக்க வேண்டிய பெரியவர் யார் என்பதில் எங்கள் வீட்டில் விவாதமே நடக்கவில்லை.

சும்மா உட்காரவும் விடமாட்டார்கள். வாசலுக்குள் நுழைகிற எவரும் 1600க்கு முந்தின உடுப்பு மாதிரி எதையாவது உடுத்த முயற்சி செய்திருக்க வேண்டும் என்பது விதி. இல்லாதவர்களுக்குக் கொடுக்க ஒரு பெட்டி நிறைய பழைய அங்கிகள் வைத்திருப்பார்கள். முதல் நாள் எனக்கு வந்தது சாக்குத் துணியில் தைத்த ஒரு நெடுஞ்சட்டை, அக்குளில் கிழிசல். அடுத்த தடவை கரையில் சரிகை வைத்த பச்சைக் கண்டாங்கிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். தைக்காத துணியைச் சுற்றிக் கட்டுவதைவிடப் பழைய உடுப்பு உலகத்தில் என்ன இருக்கிறது? எல்லாரும் ஆகா என்றார்கள். ஒரே ஒரு அம்மாள் மட்டும் என்னைச் சுற்றி வந்து, "புடவை சரி. இந்த ஜாக்கெட்டுக்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்டார். அவர் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல். தைத்த ரவிக்கையைச் சோழர் காலத்துச் சிற்பத்தில் நான் எங்கே போய்க் காட்டுவது? சிற்பத்தில் இருக்கிற மாதிரியே வருகிறேன் என்று சொன்னால் போலீஸ் வரும்.

பேருக்கும் ஆதாரம் கேட்டார்கள். ஒவ்வொருவரும் இடைக்காலத்தில் இருந்திருக்கக்கூடிய ஒரு ஆளாகத் தன்னை வரித்துக்கொள்ள வேண்டும், பேர் அந்தக் காலத்து ஏட்டிலோ கல்லிலோ இருக்க வேண்டும். எங்கள் ஹெரால்ட் நல்ல மனுஷர். ஆனால் அவர் கையில் இருந்த புத்தகங்களில் இங்கிலாந்து, பிரான்ஸ், நார்வே என்று பேர்கள் கொட்டிக் கிடந்தனவே தவிர, தமிழ்ப் பெண் பேர் ஒன்றுகூட இல்லை. "உங்கள் பக்கத்தில் சாதாரணப் பெண்களின் பேரை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

எழுதி வைத்திருக்கிறார்களாவா! தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டு ஒன்றில் மட்டும் 400 பெண்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பேர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் முகவரியோடு இருக்கிறது. ஒரு பங்குக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல், அதுவும் ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியைக் கணினியில் காட்டினேன். ஹெரால்ட் கண் கலங்கிப் போனார். நானூறு பேரில் ஒருத்தியின் பேரை எடுத்துக்கொண்டேன். எந்தப் பேர் என்று இங்கே சொல்வதற்கில்லை. மாமியார் வீட்டிலும் தமிழ் படிக்கிறார்கள்.

ஆக, என் ஜாக்கெட்டுக்கு ஆதாரம் வேண்டும், என் பேருக்கு ஆதாரம் வேண்டும். சரி. சண்டைக்கு வருவோம். கத்தி என்பது உண்மையில் பிரம்பு. நம் வாத்தியார்கள் கையில் இருந்த அதே பிரம்புதான், ஆனால் ஒன்றேகால் அங்குலப் பருமன். அதன்மேல் சாம்பல் நிறத்தில் டக்ட் டேப் சுற்றியிருக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரபு ஒருவர் பதினாறு கேஜ் இரும்பில் தொப்பி, சங்கிலிச் சட்டை, குலச் சின்னம் வரைந்த கேடயம் எல்லாம் அணிந்து கம்பீரமாக நிற்பார், கையில் வீட்டுக் குழாய்க்குச் சுற்றுகிற டேப். அதற்கு யாரும் ஆதாரம் கேட்டு நான் பார்த்ததில்லை. விடிகாலைக் காபிக்கும் அப்படித்தான். காகிதக் கோப்பையை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு விட்டால் அது கோப்பையே இல்லை.

சண்டையின் விதி மட்டும் எனக்குப் பிடிக்கும். அடித்தவன் ஜெயித்தேன் என்று சொல்லக்கூடாது. அடி வாங்கினவன்தான் "குட்" என்று சொல்லி விழ வேண்டும். லேசாகப் பட்டது என்றால் "லைட்" என்பான், சண்டை தொடரும். கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்ள வேண்டும், காலில் பட்டால் முட்டி போட்டுச் சண்டை. அம்பயர் கிடையாது, ரீப்ளே கிடையாது, அவரவர் மானம்தான் சாட்சி. நூறு கிலோ எடையுள்ள ஒருவர், யாருமே பார்க்காத அடிக்கு "குட்" என்று சொல்லித் தானாக மல்லாந்து விழுவதைப் பார்த்து எனக்கே ஒரு நாள் தொண்டை அடைத்தது. அதே மனிதர்தான் விருந்து முடிந்து 60 தட்டு கிடக்கையில், தன் கண்ணுக்கு ஒரு தட்டுகூடப் படவில்லை என்று சத்தியம் செய்வார்.

பையன் கல்லூரிக்குப் போனது 2021இல். அந்தச் சமயத்தில் கொரோனாவுக்குப் பயந்து எங்கள் கூட்டமே நடக்கவில்லை. மறுபடி கூடினபோது பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மீதி இருந்த பதினைந்து பேர் ஒரு மாதாகோயில் கீழறையில் உட்கார்ந்து பதவிகளைப் பிரித்துக்கொண்டோம். "குரோனிக்ளர் யார்?" என்றார் செனெஷல். அத்தனை பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். அடுப்பில் வைத்த பால் பொங்கிற்று. அணைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். திரும்பி வந்தால் கைதட்டுகிறார்கள். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் நான் இதே முறையில்தான் பொருளாளர் ஆனேன். அங்கேயும் பால்தான் பொங்கிற்று, பொங்கல் விழாப் பால். பதவி கொடுக்கிற விஷயத்தில் பதினோராம் நூற்றாண்டுக்கும் இருபத்தோராம் நூற்றாண்டுக்கும், வெள்ளைக்காரனுக்கும் நம்மவனுக்கும் நூலளவு வித்தியாசம் இல்லை.

பத்திரிகை என்றால் என்ன நினைக்கிறீர்கள்? பயிற்சி எந்தப் பூங்காவில், எத்தனை மணிக்கு. கூட்டத்தில் என்ன தீர்மானம். யார் என்ன தைத்தார், யார் எந்தத் தேன் சாராயத்தைக் காய்ச்சினார். எந்தப் பள்ளிக்கூடத்தில் போய்க் கவசம் காட்டினோம். இதை எழுத நாலு வரி போதும். வருவது என்ன தெரியுமா? "செம ஜாலி." இதுதான் செய்திக் கட்டுரை. அதோடு தன் படம் பதினான்கு. பதினான்கிலும் அதே ஆள், அதே தொப்பி, முகம் தெரியாது. சரி, படத்தையாவது போடலாம் என்றால் எடுத்தவர் ஒரு ஒப்புதல் படிவம், படத்தில் இருக்கிறவர் ஒரு ஒப்புதல் படிவம். படிவம் இல்லாமல் நான் எதையும் அச்சிடக்கூடாது. இரும்புத் தொப்பிக்குள் இருப்பது யார் என்று கண்டுபிடித்து, அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறேன். இதில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மேலிடத்துக்கு அறிக்கை வேறு.

அக்டோபர் விருந்துக்கு வருகிறேன். நெஞ்சில் அடைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

எங்கள் ஷயர் நடத்துகிற ஆண்டு விழா. இந்த வருஷம் ராஜாவும் ராணியும் வருகிறார்கள் என்றார்கள். ராஜா வந்தால் மாலையில் சபை, சபையில் பட்டம் பதவி. சாப்பாடு 80 பேருக்கு. "உன் ஊர்ச் சாப்பாடு செய்யேன், சோழ விருந்து!" என்றார் செனெஷல். யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து சாமான் பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பதினோராம் நூற்றாண்டு என்றால் மிளகாய் கிடையாது. தக்காளி கிடையாது. உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, முந்திரி, மஞ்சள் பூசணி ஒன்றும் கிடையாது. அத்தனையும் கொலம்பஸுக்குப் பிறகு, இந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்தவை. அமெரிக்காவில் குடியிருந்துகொண்டு அமெரிக்கக் காய்கறியைத் தொடக்கூடாது என்றால் இதைவிடக் கொடுமை உண்டா?

மிளகுக்குப் போனேன். மிளகாய்க்குப் பேரே மிளகு கொடுத்த பேர்தானே. புளி உண்டு, பெருங்காயம் உண்டு, கடுகு உண்டு, நல்லெண்ணெய் உண்டு. எட்டுக் கிலோ அரிசி. மிளகும் வெந்தயமும் வறுத்துப் பொடித்துப் போட்ட புளிசோறு. கத்தரிக்காய் மிளகுக் குழம்பு. வாழைக்காய்ப் பொரியல். பாசிப்பருப்பும் வெல்லமும் போட்டுப் பாயசம். தயிர்சோறு. தோசை போடலாமா என்று ஒரு சபலம். அதற்கு எழுத்து ஆதாரமும் இருக்கிறது, மேலைச் சாளுக்கிய ராஜா மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய மானஸோல்லாசத்தில் தோசகா என்று வருகிறது. ஆனால் 80 பேருக்குத் தோசை வார்க்க ஆள் எங்கே? அதனால் சபலத்தைச் சட்டென்று மூடி வைத்தேன்.

சமையலறைப் பட்டியலில் ஆறு பேர் பேர் கொடுத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு வந்தது இரண்டு பேர். பதினோரு மணிக்கு அதில் ஒருத்தருக்குச் சண்டைப் பந்தயத்தில் முறை வந்துவிட்டது. "பத்தே நிமிஷம்" என்று கவசத்தை மாட்டிக்கொண்டு போனார். நன்றாகச் சண்டை போடுகிறவர் போலிருக்கிறது, சாயங்காலம் வரைக்கும் தோற்கவே இல்லை. மிச்சம் நானும், முட்டி வலியோடு எழுபது வயசுப் பாட்டி ஒருவரும். வெங்காயமாக நறுக்கித் தள்ளினார் புண்ணியவதி. கடையில் வாங்கின 60 குவார்ட் அலுமினிய அண்டாவில் புளிசோற்றைக் கிளறும்போது கரண்டி போதவில்லை, மூலையில் கிடந்த ஒரு உடைந்த பிரம்புக் கத்தியின் டேப்பை உரித்துக் கழுவி அதால் கிளறினேன். இந்த ஒரு விஷயத்தைப் பத்திரிகையில் போடவில்லை.

சாப்பிட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள், பொய் சொல்லக்கூடாது. மிளகு ஏறி மூக்கு சிவந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்கள். ஐரோப்பாவே மிளகுக்காகக் கடலில் அலைந்த காரணம் இன்றைக்குத்தான் புரிகிறது என்று ஒருவர் சொன்னார். பிறகு எல்லாரும் எழுந்து சபைக்குப் போனார்கள். தட்டுகள் எழுந்து போகவில்லை.

மண்டபத்தின் சமையலறையை ஒன்பது மணிக்குள் பளிச்சென்று ஒப்படைக்காவிட்டால் முன்பணம் திரும்பாது. அண்டாவின் அடியில் புளிசோறு கருகிப் பிடித்திருந்தது. வெந்நீரைத் திறந்துவிட்டு, கிட்டத்தட்ட இடுப்பு வரை அதற்குள் கவிழ்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே என்னவோ கோஷம், "விவாட், விவாட்" என்று. யாருக்கோ பட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சபை நடவடிக்கைக் குறிப்பு வந்தது. பத்திரிகையில் அப்படியே போட வேண்டியது என் கடமை. படித்துக்கொண்டே வருகிறேன், என் பேர். தஞ்சாவூர்க் கல்லிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பேர். சமையல் கலைக்காக அரசரின் விருது. பக்கத்தில், "ஆள் இல்லாத நிலையில் வழங்கப்பட்டது."

ஆள் இல்லாத நிலையில்! முப்பது அடி தூரத்தில், ஒரே ஒரு கதவுக்கு அந்தப் பக்கம், அவர்கள் சாப்பிட்ட அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன் ஐயா நான். மூன்று தடவை கூப்பிட்டார்களாம். ஹெரால்ட் பேரைச் சரியாகத்தான் உச்சரித்தாராம், ஒரு வாரம் பழகினாராம். கூப்பிட்டும் வராததால் "கிளம்பிவிட்டார் போலிருக்கிறது" என்று யாரோ சொன்னார்களாம். 80 பேரில் ஒருத்தருக்குக்கூட அந்தக் கதவைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. திறந்தால் தட்டு கழுவச் சொல்வாள் என்ற பயமாகவும் இருக்கலாம். அந்த வரியை நானே தட்டச்சு செய்து, நானே பிழை திருத்தி, நானே 140 பேருக்கு அனுப்பினேன்.

அன்றைக்கு ராத்திரி அந்தக் கல்வெட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆடுகிற பெண்களோடு முடியவில்லை அது. நட்டுவாங்கம் செய்தவர், பாடினவர், மத்தளம் அடித்தவர், சங்கு ஊதினவர் மட்டுமல்ல. கணக்கு எழுதினவர், குடை பிடித்தவர், விளக்கேற்றினவர், தண்ணீர் தெளித்தவர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என்று வரிசையாக அவரவருக்கு இத்தனை பங்கு என்று வெட்டி வைத்திருக்கிறான். ராஜராஜன் பெரிய மனசுக்காரன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நெல்லை விளைவித்தவன் பேர் அதில் கிடையாது, அது வேறு கதை. ஆனால் குடை பிடித்தவன் அன்றைக்கு ஆஜர் என்று கல்லில் இருக்கிறதே. எனக்கு ஆப்சென்ட்!

பையனிடம் போனில் புலம்பினேன். "அம்மா, நீ இப்படியே வேலை செஞ்சா உனக்குப் பெலிக்கன் குடுத்துடுவாங்க" என்றான். இந்த அமைப்பில் சண்டையில் சிறந்தவருக்கு வெள்ளை பெல்ட்டும் தங்கச் சங்கிலியும் போட்டு நைட் பட்டம், கலையில் சிறந்தவருக்கு லாரல், சேவையில் சிறந்தவருக்குப் பெலிக்கன். பெலிக்கன் சின்னத்தில் அந்தப் பறவை தன் மார்பைத் தானே குத்திக் கிழித்து, வழிகிற ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும். அப்படித்தான் ஐரோப்பாவில் பழைய காலத்தில் நம்பினார்கள். பெலிக்கன் என்றால் நம் கூழைக்கடா. வேடந்தாங்கலில் எத்தனை பார்த்திருக்கிறேன். வாய் நிறைய மீனை அள்ளிக்கொண்டு நிம்மதியாக இருக்கும். மார்பைக் கிழித்துக்கொண்டதாக எங்கள் பக்கத்தில் எந்தக் கூழைக்கடாவைப் பற்றியும் நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே வந்துதான் அதற்கும் இந்தக் கதி.

ஆகஸ்டு போரைப் பற்றி இரண்டு வார்த்தை. பென்சில்வேனியாவில் ஸ்லிப்பரி ராக் பக்கத்தில் கூப்பர்ஸ் லேக் என்ற முகாம் மைதானம். அங்கே இரண்டு வாரம் பென்சிக் போர், 1972இல் ஆரம்பித்தது, இப்போது ஏறக்குறைய பத்தாயிரம் பேர் கூடுகிறார்கள். கிழக்கு ராஜ்ஜியமும் மத்திய ராஜ்ஜியமும் மோதிக்கொண்ட முதல் காரணம் என்ன தெரியுமா? தோற்றவன் பிட்ஸ்பர்க் நகரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதாம். ஜெயித்தவன் அல்ல, தோற்றவன்! பழைய கேலி அது, இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. "1976லேர்ந்து பென் ஹில்ஸ்ல பெருமாள் நிக்கிற ஊரு. அதை வேண்டாம்னு தள்ளிவிடறானுங்க. நீ அவனுங்களுக்குக் கஞ்சி காய்ச்சப் போற" என்கிறார். போகிற வழியில் என்னைக் கோயிலில் இறக்கி, கேன்டீன் புளியோதரை நாலு பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் முகாமில் கொண்டுபோய் விடுகிறார். முகாமிலும் எனக்குச் சமையல் கூடாரம்தான். போர் முடிந்ததைப் புழுதி அடங்கினதை வைத்துத் தெரிந்துகொள்வேன்.

விட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்கிறீர்களா? இவரும் அதைத்தான் சொல்கிறார். ஹெரால்ட் போன வாரம் கூப்பிட்டு, நானூறு பேரில் இன்னும் எத்தனை பேரின் பேரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்த் தெருவில் மூன்றாம் வீட்டுக்காரியின் பேரை ஒஹாயோவில் ஒருவர் நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் பழகுகிறார். அவரிடம் ராஜினாமாவை எப்படிச் சொல்வது? அவரிடம் கேட்டிருக்கலாம், ஒரு பக்கக் கட்டுரை. கேட்டேன். "கண்டிப்பா, அடுத்த மாசம்" என்றார்.

நேற்று விருந்தாளிகளுக்குச் சமைக்க அண்டா வேண்டியிருந்தது. கராஜுக்குப் போனேன். அன்றைக்கு நான் தேய்த்துக் கவிழ்த்து வைத்த அண்டாவை எவனோ நிமிர்த்தி, பெட்டி என்று நினைத்துக் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு என் வண்டியில் ஏற்றியிருக்கிறான். பாதி எரிந்த மெழுகுவர்த்தி இரண்டு. எண்ணெய் பட்ட மேஜைத் துணி. டக்ட் டேப் உருளை ஒன்று. அடியில், ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு, இடது கை இரும்பு உறை.

எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். 30ஆம் தேதி பத்திரிகை போகிற வரைக்கும் யாரிடமும் சொல்வதாக இல்லை. என்னிடம் இருப்பது அந்த ஒரு செய்திதான்.